கோள் அறிவியல் வேலைச் செய்திகள்: இலவச நியூஸ்லெட்டரும் ஜாப் ரெஜிஸ்டரும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கோள் அறிவியலுக்கென்று ஒரே ஒரு வேலைவாய்ப்பு அலுவலகம் எங்கும் கிடையாது. செவ்வாயின் பள்ளத்தாக்குகளைப் படிப்பவர் புவியியல் துறையில் இருப்பார். வியாழனின் மேகங்களைக் கணக்குப் போடுபவர் இயற்பியல் துறையில். விண்கல்லை அமிலத்தில் கரைத்து ஐசோடோப்பு அளப்பவருக்கு வேதியியல் கூடம்தான் வீடு. ஆட்கள் இப்படிச் சிதறிக் கிடப்பதால் விளம்பரங்களும் சிதறித்தான் கிடக்கின்றன. பிஎச்.டி இடமோ, அதற்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலையான போஸ்ட்டாக்கோ தேடும் தமிழ் மாணவர்கள் பலர் ஏதாவது ஒரு தளத்தை மட்டும் பார்த்துவிட்டு "இந்த வருஷம் ஒண்ணும் இல்லை" என்று முடிவு கட்டுவது இதனால்தான்.

காசில்லாமல் கிடைக்கும் இரண்டு சேவைகளை இங்கே எடை போடுகிறோம். ஒன்று, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரிலுள்ள பிளானட்டரி சயின்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்தும் பிளானட்டரி எக்ஸ்ப்ளோரேஷன் நியூஸ்லெட்டர். மற்றது, அமெரிக்க வானியல் கழகம் இணையத்தில் வைத்திருக்கும் வேலை விளம்பரப் பட்டியலான ஜாப் ரெஜிஸ்டர். இரண்டும் நல்லவை, இரண்டிலும் ஓட்டை உண்டு. ஒன்றின் ஓட்டையை மற்றது ஓரளவு அடைக்கும். இரண்டும் சேர்ந்தாலும் அடைபடாத ஓட்டை ஒன்று இருக்கிறது: இந்தியா. அதற்குக் கடைசியில் வருவோம்.

முதலில் நியூஸ்லெட்டர். ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை மின்னஞ்சலில் வரும். 1972-ல் தொடங்கிய ஒரு லாப நோக்கமற்ற ஆய்வு நிறுவனம் வெளியிடுவது. சந்தா இலவசம். பிளானட்டரிநியூஸ் டாட் ஓஆர்ஜி தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் போதும், பழைய இதழ்களும் அங்கேயே உண்டு. பார்க்க அழகாக இருக்காது. படம் இல்லை, வண்ணம் இல்லை, மேலே எண் போட்ட பொருளடக்கம், கீழே அதே எண் வரிசையில் செய்திகள், அவ்வளவுதான். நம் பார்வையில் இதுதான் இதன் பெரிய பலம். சிக்னல் மந்தமான ஊரிலும் ஒரு நொடியில் திறக்கும். ஆறு மாதம் கழித்து மின்னஞ்சல் பெட்டியில் ஒரு சொல்லைத் தேடினாலும் அகப்படும்.

உள்ளே வேலை விளம்பரம் மட்டும் இருக்காது. எந்த மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி எது, எந்த ஆய்விதழ் சிறப்பிதழ் போடுகிறது, எந்த விண்கலத்தின் தரவு பொதுவுக்கு வந்திருக்கிறது, நாசாவின் நிதி அழைப்பில் என்ன திருத்தம், வாஷிங்டனில் பட்ஜெட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எல்லாம் கலந்துதான் வரும். வேலை தேடுபவர் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு விளம்பரத்தை மட்டும் படிப்பது இயல்பு. அப்படிப் படித்தால் இந்த நியூஸ்லெட்டரின் பாதிப் பயன் போய்விடும். ஏன் என்று பின்னால் பார்க்கலாம்.

குறைகள்: வடிகட்டி கிடையாது. பிஎச்.டி இடம், போஸ்ட்டாக், பேராசிரியர் வேலை எல்லாம் ஒரே மூச்சில் வரும். கடைசித் தேதி வாரியாக அடுக்க வழியில்லை. செய்தி சுருக்கமாக இருக்கும், முழு விவரத்துக்கு இணைப்பைத் தொட வேண்டும். அந்த இணைப்பு பல்கலைக்கழகத்தின் ஆள்சேர்ப்புத் தளத்துக்குப் போகும், தேதி முடிந்ததும் அந்தப் பக்கமே காணாமல் போகும். வார இதழ் என்பதால் தாமதமாக அனுப்பப்பட்ட விளம்பரம் உங்கள் கைக்கு வரும்போது இரண்டு வாரம்தான் மிச்சம் இருக்கலாம். மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்கும் வேலைக்கு இரண்டு வாரம் என்பது ரொம்பக் கம்மி.

சந்தா சேர்ந்ததும் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் முதல் இதழைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, இதுபோன்ற அஞ்சல்களை வடிகட்டும் வசதியில் இரண்டு கட்டளை போடுங்கள்: ஒருபோதும் ஸ்பாமுக்கு அனுப்பாதே, தனி லேபிள் ஒட்டு. படமில்லாத, மொத்தமாக அனுப்பப்படும் அஞ்சல் என்பதால் ஸ்பாமில் போய் உட்கார வாய்ப்பு அதிகம். கல்லூரி மின்னஞ்சலில் சந்தா சேராதீர்கள். படிப்பு முடிந்து அந்த முகவரியை மூடும் நேரத்தில்தான் உங்களுக்கு இந்த நியூஸ்லெட்டர் மிகவும் தேவைப்படும்.

அடுத்து ஜாப் ரெஜிஸ்டர். பார்ப்பதற்குக் கழகத்தில் உறுப்பினராக வேண்டியதில்லை. விளம்பரம் போடுபவர்தான் பணம் கட்டுகிறார், அதனால் போலி விளம்பரம் அனேகமாக இருக்காது. பிஎச்.டி, போஸ்ட்டாக், நிரந்தரப் பேராசிரியர், தற்காலிகப் பேராசிரியர், தொழில்நுட்பப் பணியாளர், நிர்வாகம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு விளம்பரத்திலும் வெளியான தேதி, விண்ணப்பக் கடைசித் தேதி, இன்னும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்ற நிலை, ஊதியம் பற்றிய பகுதி என்று தனித்தனிக் கட்டங்கள். நியூஸ்லெட்டரில் கிடைக்காத ஒழுங்கு இது.

ஆனால் இது வானியலாளர்களின் கடை. விண்மீன், பால்வெளி, அண்டவியல் ஆட்களுக்குத்தான் சரக்கு அதிகம். கோள் அறிவியல் ஒரு மூலையில் இருக்கிறது. அந்தக் கழகத்துக்கே கோள் அறிவியல் பிரிவு என்று 1968 முதல் ஒன்று இருந்தும் நிலைமை இதுதான். வேற்றுக்கோள் (வேறு விண்மீனைச் சுற்றும் கோள்) வளிமண்டலம், சிறுகோள், வால்நட்சத்திரம், தொலைநோக்கி வழி நிறமாலை இவை தேடுவோருக்கு ரெஜிஸ்டர் நன்றாக உதவும். நிலவின் மண், செவ்வாய்ப் படிவுப்பாறை, விண்கல் வேதியியல், ரேடார் நிலவுருவியல் தேடுபவர் இங்கே அடிக்கடி வெறுங்கையோடுதான் திரும்புவார். அவர்களுக்கு நியூஸ்லெட்டரே மேல்.

தேடும்போது பிளானட்டரி என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாதீர்கள். பாதி விளம்பரங்களில் அந்தச் சொல்லே தலைப்பில் இருக்காது. ரெகோலித், ஸ்மால் பாடீஸ், காஸ்மோகெமிஸ்ட்ரி, ஆஸ்ட்ரோபயாலஜி, இம்பாக்ட் கிரேட்டர், தெர்மல் இன்ஃப்ராரெட், எக்ஸோபிளானட் ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் தனித்தனியே போட்டுப் பாருங்கள். உங்கள் கருவியின் பெயரையும் போடுங்கள். ராமன் நிறமாலையிலோ மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியிலோ கை பழகியவரைத் தேடும் கூடம், கோளின் பெயரைச் சொல்லாமல் கருவியின் பெயரைச் சொல்லித்தான் ஆள் கேட்கும்.

ரெஜிஸ்டர் என்பது ஆண்டு முழுக்க ஒரே சீராக நிரம்புவதில்லை. அமெரிக்கக் கல்வியாண்டு அடுத்த செப்டம்பரில் தொடங்க, இந்தச் செப்டம்பரிலேயே வேட்டை தொடங்கிவிடும். பெரிய ஃபெல்லோஷிப்களின் கடைசித் தேதி அக்டோபர், நவம்பரில் விழும். நாசாவின் ஹபிள் ஃபெல்லோஷிப் நவம்பர் தொடக்கத்தில். தனித்தனிப் பேராசிரியர்கள் தங்கள் திட்ட நிதியில் எடுக்கும் போஸ்ட்டாக் இடங்கள் டிசம்பர் வரை நீளும், கொஞ்சம் வசந்தத்திலும் சொட்டும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாரத்துக்கு இருமுறை ரெஜிஸ்டரைப் பாருங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும், அந்தக் காலத்தில் நியூஸ்லெட்டரே மற்றதைக் கொண்டுவந்து தந்துவிடும்.

இந்த வட்டத்தில் பிப்ரவரி 15 என்ற தேதிக்கு ஒரு மரியாதை உண்டு. போஸ்ட்டாக் வேலை கொடுத்தவர் அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நெருக்கக் கூடாது என்பது வானியல் கழகத்தின் தீர்மானம். ஜனவரி 10-ல் ஒரு இடம் கிடைத்து "ஒரு வாரத்தில் பதில் வேண்டும்" என்று எழுதினால், இந்தத் தீர்மானத்தைச் சுட்டிப் பணிவாக அவகாசம் கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் இது சட்டமல்ல. புவியியல் துறைகளும் ஐரோப்பிய நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை என்று எண்ணிக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

சேவையைச் சொல்லியாயிற்று. அதில் வரும் விளம்பரத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ஆய்வுத் தலைப்பை முதலில் படித்து ஆசைப்பட்டுவிட்டுக் கடைசி வரியில் மாட்டிக்கொள்வார்கள். கடைசியிலிருந்து மேலே படிப்பது நல்ல பழக்கம்.

முதலில் குடியுரிமை பற்றிய வரி. "யூ.எஸ். பெர்சன்" என்ற சொல் இருந்தால் அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் புகலிடம் பெற்றவர்களும் மட்டும்தான் என்று பொருள். விண்கலக் கருவிகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் கீழ் வருவதே காரணம். அதனால்தான் ஒரே குழுவில் கருவி கட்டும் வேலைக்கு நம்மைச் சேர்க்க மாட்டார்கள், அதே கருவி அனுப்பிய தரவைப் பகுப்பாயும் வேலைக்குச் சேர்ப்பார்கள். வரி தெளிவாக இல்லாவிட்டால் இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். முப்பது பக்கம் விண்ணப்பம் தயாரித்த பிறகு கேட்பதைவிட அது மேல்.

ஐரோப்பாவில் இதே பொறி வேறு வடிவில் இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆய்வு ஃபெல்லோஷிப் அதன் உறுப்பு நாட்டினருக்கும் சில கூட்டாளி நாட்டினருக்கும்தான். இந்தியரோ இலங்கையரோ அதைத் தொட முடியாது. அதற்கு நேர்மாறாக, ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடக்கும் மரி க்யூரி முனைவர் வலைப்பின்னலின் பிஎச்.டி இடங்களுக்கு எந்த நாட்டவரும் வரலாம். அங்கே நிபந்தனை வேறு: கடந்த 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் முதுகலை முடித்துவிட்டு ஜெர்மனியிலேயே உள்ள மரி க்யூரி இடத்துக்குப் போடுபவர்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான். பக்கத்து நாடான பிரான்ஸுக்கோ நெதர்லாந்துக்கோ போட்டிருந்தால் தகுதி இருந்திருக்கும்.

அடுத்து ஊதியம் பற்றிய வரி. ஜெர்மன் விளம்பரங்களில் "இ13, 75 சதவீதம்" என்று இருக்கும். இ13 என்பது அரசு ஊதிய அட்டவணையில் ஒரு படி. முக்கால் சம்பளம் என்பதால் முக்கால் நேரம் வேலை என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்த மணிநேரம் முக்கால், ஆய்வு முழு நேரம். அங்கே பிஎச்.டி மாணவர் ஊழியராகக் கருதப்படுவதால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அதிலேயே அடங்கும். அமெரிக்கப் பல்கலைக்கழக பிஎச்.டி-யில் ஸ்டைபண்ட் என்ற உதவித்தொகை உண்டு, கட்டண விலக்கு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கவே கட்டணம் உண்டு, விலக்கு கேட்டால் பல துறைகள் தரும். போஸ்ட்டாக் வேலைக்கு விண்ணப்பக் கட்டணம் கேட்டால் மட்டும் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். உண்மையான எந்த நிறுவனமும் அப்படிக் கேட்பதில்லை.

விசா பற்றி விளம்பரம் பெரும்பாலும் எழுதாது, நாம்தான் கேட்க வேண்டும். அமெரிக்க போஸ்ட்டாக் பெரும்பாலும் ஜே-1 விசாவில் நடக்கும். ஆய்வாளர் வகையில் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. முடித்து வந்துவிட்டால் அதே வகையில் மறுபடி போக 24 மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு தாய்நாட்டில் தங்க வேண்டும் என்ற இன்னொரு விதி இந்தியர்களை வெகுகாலம் உறுத்திவந்தது. 2024 டிசம்பரில், அந்த விதி பொருந்தும் நாடுகளைச் சொல்லும் திறன் பட்டியலை அமெரிக்கா திருத்தியபோது இந்தியா அதிலிருந்து நீங்கியது. ஆனாலும் உங்கள் ஊதியம் அரசு நிதியில் நேரடியாக வந்தால் அந்த விதி வேறு வழியாக ஒட்டிக்கொள்ளும். ஜே-1 விசாவுக்காகக் கையில் வரும் டிஎஸ்-2019 படிவத்தில் நிதி எங்கிருந்து என்ற கட்டத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள். எச்-1பி என்ற வேலை விசாவில் எடுப்பதாகச் சொன்னால், 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் உங்கள் விஷயத்தில் பொருந்துமா, வந்தால் யார் கட்டுவார் என்று நேரடியாகக் கேளுங்கள். சங்கடமான கேள்விதான், கேட்காமல் விட்டால் சங்கடம் பெரிதாகும்.

கடைசித் தேதியில் எழுதப்படாத பொறி ஒன்று உண்டு: எந்த ஊர் நள்ளிரவு? அமெரிக்கக் கிழக்குக் கரையில் குளிர்காலத்து இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10:29. கோடை நேரத்தில் 9:29. அமெரிக்காவில் கடிகாரம் மாறுவது நவம்பர் முதல் ஞாயிறு, ஃபெல்லோஷிப் தேதிகளும் அதைச் சுற்றித்தான் விழும். ஒரு மணி நேரம் கூடும் என்று நம்பிக் கடைசி நிமிடத்தில் ஏற்றுபவர் ஏமாறுவார். மத்திய ஐரோப்பா என்றால் குளிர்காலத்தில் அதிகாலை 4:29. "ஏஓஇ" என்று போட்டிருந்தால், உலகின் எந்த மூலையிலாவது அந்த நாள் மிச்சமிருக்கும் வரை என்று அர்த்தம், நமக்கு மறுநாள் மாலை 5:29 வரை.

பரிந்துரைக் கடிதம்தான் உண்மையான கடைசித் தேதியைத் தீர்மானிக்கும். பல தளங்களில் நீங்கள் பரிந்துரைப்பவரின் முகவரியைக் கொடுத்த பிறகுதான் அவருக்கு இணைப்பு போகும். சில தளங்களில் நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் போகும். நீங்கள் கடைசி இரவு சமர்ப்பித்தால் அவருக்குக் கடிதம் ஏற்ற நேரமே இருக்காது. தானியங்கி அஞ்சல் அவருடைய ஸ்பாமில் விழுவதும் சாதாரணம். ஜிமெயில் முகவரி கொடுத்தால் நிறுவன முகவரி வேண்டும் என்று திருப்பும் தளங்களும் இருக்கின்றன. ஆகவே நான்கு வாரம் முன்பே வேலையின் பெயர், இணைப்பு, தேதி, நீங்கள் செய்யப்போவதாகச் சொல்லும் ஆய்வின் அரைப்பக்கச் சுருக்கம் இவற்றை ஒரே அஞ்சலில் உங்கள் பேராசிரியருக்கு அனுப்புங்கள். "சார், நேற்று ஒரு லிங்க் வந்திருக்கும், ஸ்பாமில் பாருங்கள்" என்று ஒரு வாரம் முன்னால் நினைவூட்டுவதில் தப்பில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கி வாய்ப்பை விட்டவர்கள் நம் ஊரில் ஏராளம்.

நியூஸ்லெட்டரில் செய்திப் பகுதியைத் தள்ளக்கூடாது என்று முன்பே சொன்னோம். விளம்பரத்தில் "நிதி கிடைப்பதைப் பொறுத்து" என்ற வரி இருக்கும். அந்த வரிக்கு எவ்வளவு எடை என்று விளம்பரம் சொல்லாது, செய்தி சொல்லும். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. 2026 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகை முன்வைத்த திட்டம் நாசா அறிவியலை சுமார் 730 கோடி டாலரிலிருந்து 390 கோடிக்கு இறக்கச் சொன்னது. அது முன்மொழிவுதான், முடிவு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. ஆனால் முன்மொழிவு வந்த நாளிலிருந்தே பேராசிரியர்கள் ஆள் எடுக்கத் தயங்குவார்கள். நாசாவின் ஆய்வு மையமான ஜெட் புரபல்ஷன் லேபரட்டரி 2024 பிப்ரவரியில் சுமார் 530 பேரையும் நவம்பரில் சுமார் 325 பேரையும் 2025 அக்டோபரில் சுமார் 550 பேரையும் வெளியே அனுப்பியது. செவ்வாயிலிருந்து மாதிரி கொண்டுவரும் திட்டத்தின் செலவு 1,100 கோடி டாலர் வரை போகும் என்று மதிப்பிடப்பட்டு அது நெருக்கடிக்குள்ளானதும் இந்தக் குறைப்புகளுக்கு ஒரு காரணம். வெளியே வந்தவர்கள் அனுபவசாலிகள். நீங்கள் போடும் அதே போஸ்ட்டாக், அதே ஆய்வாளர் இடங்களுக்கு அவர்களும் போடுவார்கள்.

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அமெரிக்க அரசு முடங்கியது. அப்போது கட்டாய விடுப்பில் இருந்த நாசா ஊழியர்கள் அலுவல் மின்னஞ்சலைத் தொடவே கூடாது. நாசா போஸ்ட்டாக்டோரல் ப்ரோக்ராமுக்கு நவம்பர் 1, மார்ச் 1, ஜூலை 1 என்று ஆண்டுக்கு மூன்று தேதி வழக்கம். அதற்கு விண்ணப்பிக்கும் முன் நாசா மையத்தில் ஓர் ஆலோசகரைப் பிடித்து அவரோடு சேர்ந்து திட்டம் வரைய வேண்டும். அக்டோபரில் அறிமுக அஞ்சல் போட்டவருக்கு அந்த முடக்கத்தின்போது பதில் எப்படி வரும்? இத்திட்டத்தை நினைப்பவர் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே ஆலோசகரைத் தேட ஆரம்பிக்க வேண்டும், நவம்பர் சுற்றுக்கு ஆகஸ்ட். செப்டம்பர் மாத நியூஸ்லெட்டரில் பட்ஜெட் பற்றி எழுதியிருப்பதைப் படிப்பவருக்கு இது முன்கூட்டியே தெரியும்.

மாநாட்டு அறிவிப்புகளும் அப்படித்தான். டெக்ஸாஸில் ஹூஸ்டனை ஒட்டிய தி வுட்லண்ட்ஸில் மார்ச்சில் நடக்கும் லூனார் அண்ட் பிளானட்டரி சயின்ஸ் கான்ஃபரன்ஸ் 1970-ல் அப்போலோ 11 பாறைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்த கூட்டத்தின் தொடர்ச்சி. ஆய்வுச் சுருக்கம் இரண்டு பக்கம், கடைசித் தேதி வழக்கமாக ஜனவரி முதல் பாதிக்குள். அந்த இரண்டு பக்கம் இணையத்தில் நிரந்தரமாக இருக்கும், பெயரைத் தேடினால் கிடைக்கும். ஆய்விதழில் இன்னும் கட்டுரை வராத முதுகலை மாணவருக்கு இதைவிடச் சீக்கிரம் கையில் காட்டக்கூடிய எழுத்து வேறில்லை. விசா கிடைக்காமல் நேரில் போக முடியாவிட்டாலும் எழுத்து நிற்கும். பங்கேற்புக் கட்டணமும் இணையவழிப் பங்கேற்பு விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அறிவிப்பில் அதை மட்டும் கவனியுங்கள்.

இனி அந்தப் பெரிய ஓட்டை. இந்தியாவின் கோள் அறிவியல் வேலைகள் இந்த இரண்டிலும் மிக அரிதாகவே வரும். அகமதாபாத்தின் பிசிகல் ரிசர்ச் லேபரட்டரிக்குத் தனிக் கோள் அறிவியல் பிரிவே இருக்கிறது. சந்திரயான்-3 ரோவரில் பாறையின் தனிமங்களை அளந்த ஆல்ஃபா துகள் எக்ஸ்ரே கருவி அங்கே உருவானதுதான். திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், நிலவு மண்ணுக்குள் 10 செ.மீ வரை இறங்கி வெப்பம் அளந்த, 10 உணரிகள் கொண்ட சேஸ்டே கருவியில் முதன்மைப் பங்கு வகித்தது. ஆனால் இந்த நிறுவனங்களின் அறிவிப்பு அவரவர் இணையதளத்தில் பிடிஎஃப் ஆக வரும், சத்தமில்லாமல் போகும். நினைவூட்டல் அஞ்சல் எதுவும் வராது. மாதம் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும் கையாலேயே போய்ப் பார்த்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

அகமதாபாத்தில் ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோவாக (ஜே.ஆர்.எஃப்) சேர நெட், கேட், ஜெஸ்ட் என்ற தேர்வுகள் வாசல். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் எந்தத் தேர்வின் எந்தப் பாடம் செல்லும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புவியியல் மாணவர் கேட் தேர்வில் ஜியாலஜி, ஜியோஃபிசிக்ஸ் என்று இரண்டு பிரிவுள்ள தாளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், இயற்பியல் மாணவருக்கு வேறு தாள். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், சீனியர் ரிசர்ச் ஃபெல்லோ (எஸ்.ஆர்.எஃப்) ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி.

அடுத்து எங்கே ஆள் தேவைப்படும் என்பதை அறிய இந்தியச் செய்திகளையும் அதே கண்ணோடு படிக்கலாம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை சந்திரயான்-4-க்கு 2,104.06 கோடி ரூபாயும் வெள்ளிக் கோள் சுற்றுக்கலத்துக்கு 1,236 கோடியும் ஒதுக்கியது. சந்திரயான்-4 நிலவு மாதிரியைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம். மாதிரி வந்தால் அதைச் சுத்த அறையில் வைத்து, வெட்டி, அளக்க ஆள் வேண்டும். இன்று விண்கல்லில் கை பழகுபவருக்குத்தான் அது லாபம். வெள்ளிக்கு வளிமண்டல ஆட்களும் ரேடார் ஆட்களும் வேண்டும்.

தமிழ்நாட்டுப் புவியியல் மாணவருக்கு இது எட்டாத துறை இல்லை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்த்தோசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவின் மேட்டுநில மண்ணுக்கு ஒப்பான மண்ணைத் தயாரித்தது, காப்புரிமையும் பெற்றது. சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் திருச்சி என்ஐடியும் அந்த வேலையில் இருந்தன. நிலவின் வெள்ளைப் பகுதியின் பாறை வகை நம் பக்கத்திலேயே கிடக்கும்போது, முதுகலை ஆய்வேட்டுக்கு அதன் நிறமாலையை அளந்து, இஸ்ரோவின் பிரதான் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் சந்திரயான்-2 தரவோடு ஒப்பிடுவது யாரும் செய்யக்கூடிய வேலை. பிரதானில் பதிவு செய்ய ஒரு மின்னஞ்சல் போதும். கோப்புகள் பிடிஎஸ்4 வடிவில் வரும், அதாவது தரவுக் கோப்போடு எக்ஸ்எம்எல் லேபிள் ஒன்றும் சேர்ந்து வரும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைக்காமல் தரவை மட்டும் திறக்கப் பார்த்து "கோப்பு கெட்டுப்போச்சு" என்பவர்கள் அதிகம். இந்த ஒப்பீட்டைச் செய்து முடித்தவரின் அறிமுக அஞ்சலுக்குப் பதில் வரும். "எனக்குச் சிறுவயது முதல் விண்வெளி மீது ஆர்வம்" என்று தொடங்கும் அஞ்சலுக்கு வராது.

யாருக்கு எது? வேற்றுக்கோள், தொலைநோக்கி வேலை என்றால் ரெஜிஸ்டர் முதல், நியூஸ்லெட்டர் துணை. பாறை, மண், விண்கல், பரப்பு என்றால் நியூஸ்லெட்டர் முதல், ரெஜிஸ்டர் எப்போதாவது. இளங்கலையில் இருப்பவருக்கு ரெஜிஸ்டர் இப்போதைக்கு வேண்டாம், பார்த்தால் பயம்தான் வரும். நியூஸ்லெட்டரை இரண்டு ஆண்டு வெறுமனே படித்துவந்தால் யார் எங்கே எதில் வேலை செய்கிறார்கள் என்ற வரைபடம் தானாக மனதில் பதியும். இந்தியாவிலேயே இருக்க நினைப்பவருக்கு இரண்டும் செய்தித்தாள் மாதிரிதான், வேலைக்கு நிறுவனத் தளங்களை விட்டால் கதியில்லை.

எங்கே விளம்பரத்தைக் கண்டாலும் அன்றே முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து, கோப்பின் பெயரில் நிறுவனத்தையும் கடைசித் தேதியையும் போட்டு வையுங்கள். நேர்காணல் அழைப்பு ஆறு வாரம் கழித்து வரும், அதற்குள் பல்கலைக்கழகம் அந்தப் பக்கத்தை எடுத்திருக்கும். அவர்கள் கேட்ட திறமைகளில் எதை முதலில் எழுதியிருந்தார்கள் என்பது அப்போது உங்கள் கோப்பில் மட்டும்தான் இருக்கும்.